பொறுக்கி எடுப்பதிலிருந்து புரிதல் வரை: இன்டெல்லெகெரெ என்ற லத்தீன் வினைச்சொல்

கேட்கப்பட்டவை நான்கு. ‘இன்டெலிஜென்ஸ்’, ‘இன்டெலக்ட்’ ஆகியவற்றுக்குத் தாயான லத்தீன் வினைச்சொல் எப்படிப் பிறந்தது? ‘உள்ளே படித்தல்’ என்று அதற்குச் சொல்லப்படும் விளக்கம் சரியா? சில நூல்களில் நடுவே ‘லெ’ என்றும் சிலவற்றில் ‘லி’ என்றும் வருகிறதே, எதைப் பின்பற்றுவது? இந்த வினையை வாக்கியத்தில் எப்படி ஆள்வது?

சுருக்கமாகச் சொன்னால், சொல் ‘இன்டெர்’ (இடையே), ‘லெகெரெ’ (பொறுக்குதல், தெரிந்தெடுத்தல்) என்ற இரண்டும் சேர்ந்தது. ‘உள்ளே படித்தல்’ பிற்காலத்தில் பொருத்திச் சொன்ன விளக்கம். ஒலிவரலாறு அதை ஏற்காது. ‘லெ’ பழைய எழுத்து, ‘லி’ பிந்தையது. இலக்கணம் சற்று நீளும், அதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் உச்சரிப்பு. லத்தீனில் குறில் நெடில் மாறினால் பொருளும் காலமும் மாறும். தமிழில் எ, ஏ, ஒ, ஓ எல்லாவற்றுக்கும் தனி எழுத்து இருப்பதால் இந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் உயிரளவு பிசகாமல் நிற்கும். ஆகவே கீழே குறிலைக் குறிலாகவே படியுங்கள். ‘ட’ என்று நான் எழுதும் இடங்களில் நாக்கு பல்லைத் தொடட்டும். லெகெரெயின் தன்மை வடிவமான ‘லெகோ’வில் வரும் ‘க’ தங்கத்தில் வரும் ‘க’ போன்றது.

அகராதியில் லத்தீன் வினையைத் தேடும்போது தன்மை ஒருமை நிகழ்காலத்தின் கீழ் தேட வேண்டும். நான்கு அடிப்படை வடிவங்களும் அங்கே வரிசையாக இருக்கும்: இன்டெல்லெகோ (புரிந்துகொள்கிறேன்), இன்டெல்லெகெரெ (புரிந்துகொள்ள), இன்டெல்லேக்ஸீ (புரிந்துகொண்டேன்), இன்டெல்லேக்டும் (புரிந்துகொள்ளப்பட்டது). முதல் இரண்டில் ‘லெ’ குறில், கடைசி இரண்டில் ‘லே’ நெடில். மற்ற வடிவங்கள் எல்லாம் இந்த நான்கிலிருந்துதான் பிறக்கின்றன.

லெகெரெ என்றால் படித்தல் என்றுதான் பாடநூல்கள் தொடங்கும். அது பிந்திய பொருள். முந்தியது கையால் செய்யும் வேலை: பூப் பறிப்பது, விழுந்த ஒலிவக்காயைப் பொறுக்குவது, திராட்சை கொய்வது. ஒலிவம் பொறுக்கும் கூலியாளுக்கு லெகுலுஸ் என்று பெயர். தகனம் முடிந்து எலும்பு பொறுக்குவதற்கும் ரோமானியர் இதே வினையைத்தான் சொன்னார்கள். கையால் பறிக்கப்படுவதால் பயறு வகைக்கு லெகூமென், ஆட்களைத் தெரிந்தெடுத்துச் சேர்ப்பதால் படைக்கு லெகியோ, காட்டில் பொறுக்கி வருவதால் விறகுக்கு லிக்னும். செனட் உறுப்பினர் பட்டியலைத் தெரிந்து எழுதுவதும் லெகெரெதான். படித்தல் இதற்குள் எப்படி வந்தது என்பதற்கு வர்ரோ (கி.மு. 116–27) தம் லத்தீன் மொழி பற்றிய நூலில் ஒரு விளக்கம் தருகிறார்: எழுத்துகள் கண்களால் பொறுக்கப்படுகின்றன, அதனால் அதுவும் லெகெரெ. வர்ரோவின் சொற்பிறப்புகளில் பல இன்று நிற்பதில்லை. இது நிற்கிறது.

ஆக இன்டெர் சேர்ந்த லெகெரெ என்பது பலவற்றுக்கு நடுவிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பது. தமிழருக்கு இது அந்நியமாகப் படக்கூடாது. ‘தெரி’ என்ற வினையைப் பாருங்கள். தெரிந்தெடு என்றால் தேர்வு செய், தெரிந்துகொள் என்றால் அறிந்துகொள். இலங்கையில் தேர்வுக்குத் ‘தெரிவு’ என்பதே நடைமுறைச் சொல். திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் ஆளைத் தேர்வதையும் ஆளை அறிவதையும் ஒரே செயலாக வைத்துப் பேசுகிறது. “குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்” என்ற குறளில் வரும் ‘அவற்றுள்’ ஏறக்குறைய இன்டெர் செய்யும் வேலையைச் செய்கிறது. இரண்டு மொழிக்கும் உறவில்லை, கடனும் இல்லை. கலந்து கிடப்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும் என்ற அனுபவம் இரண்டு இடத்திலும் தனித்தனியே சொல்லாகியிருக்கிறது. இன்டெல்லெகோவை மனத்தில் நிறுத்த ‘தெரி’யைவிட நல்ல பிடி தமிழில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்த இரண்டு உறுப்புகளும் சேர்ந்தால் முதலில் என்ன பொருள் தந்திருக்கும் என்பதைக் கண்ணால் காண ஓர் இடம் இருக்கிறது. வெர்ஜில் கி.மு. 29 வாக்கில் முடித்த உழவுக் கவிதையான ஜியார்ஜிக்ஸின் இரண்டாம் பாகத்தில் இளந்திராட்சைக் கொடியைப் பேணும் முறை வருகிறது. கொடி இளசாக இருக்கும்போது கத்தி வைக்காதே, விரலை வளைத்து இலைகளைக் கிள்ளு, ‘இன்டெர்க்வெ லெகென்டாய்’, அதாவது இடையிடையே பார்த்துப் பறி என்கிறார். ‘க்வெ’ என்பது நம் ‘உம்’ போன்ற இடைச்சொல். இன்டெருக்கும் லெகெரெக்கும் நடுவில் அது புகுந்து இரண்டையும் பிரித்து நிற்கிறது. அதே இரண்டு உறுப்புகள், ஆனால் புரிதலின் சாயல்கூட இல்லை. எல்லா இலையையும் உருவாமல் நெருக்கமாக இருப்பதில் வேண்டாததை மட்டும் எடுப்பது. பழைய கூட்டுச்சொல் புரிதல் என்ற பொருளில் இறுகிப்போனதால், பறித்தல் என்ற பொருள் தேவைப்பட்டபோது அதே உறுப்புகளைப் புதிதாக ஒட்டிக்கொண்டார்கள்.

ஒட்டின் வயதைப் புணர்ச்சியே காட்டிக்கொடுக்கிறது. இன்டெரின் ஈற்று ‘ர்’, லெகோவின் ‘ல்’ முன்னே ‘ல்’ ஆகத் திரிந்தது. பொன் + குடம் = பொற்குடம் என்று நாம் படிக்கும் திரிதல் விகாரம் போன்றதுதான். அகெல்லுஸ் (சிறு வயல்), ஸ்டெல்ல (விண்மீன்) போன்ற பழஞ்சொற்களிலும் ‘ர்ல்’ இப்படி ‘ல்ல்’ ஆகியிருக்கிறது. இன்டெர்லொக்வோர் (குறுக்கே பேசு) போன்ற புதிய கூட்டுகளில் ‘ர்’ கலையாமல் நிற்கும். ‘ல்ல்’ இருந்தால் ஒட்டு பழையது.

இப்போது ‘உள்ளே படித்தல்’. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் பெருநூலில், இன்டெல்லிகெரெ என்பது ‘இன்டுஸ் லெகெரெ’, அதாவது உள்ளே படிப்பது, போலச் சொல்லப்படுகிறது என்று எழுதினார். புலன்கள் பொருளின் வெளித்தன்மையோடு நின்றுவிடும், அறிவு உள்ளியல்பு வரை செல்லும் என்பது அவர் வாதம். அவர் எழுதியதில் ‘போல’ என்ற சொல் இருக்கிறது, அதைக் கவனிக்க வேண்டும். இடைக்காலத்தில் சொல்லைப் பிரித்துப் பொருள் காட்டுவது தத்துவ விளக்கத்தின் ஒரு முறை. வரலாற்று மூலம் சொல்வது அதன் முக்கிய நோக்கம் இல்லை. அதை வரலாறாகத் திருப்பிச் சொல்பவர்களிடம்தான் பிழை. ஒலி வழியாகச் சோதித்தால் உடனே உடைந்துவிடும். இன்டுஸின் ‘உ’ எப்படி ‘எ’ ஆனது என்பதற்கு வழியில்லை. ‘ஸ்’ ஈற்றின் பின் ‘ல்’ வந்தால் லத்தீன் என்ன செய்யும் என்பதும் தெரிந்ததே: டிஸ் + லெகோ சேர்ந்து டீலிகோ (மதித்து நேசிக்கிறேன்) ஆயிற்று. ‘ஸ்’ கெட்டு முன்னுயிர் நீண்டது, ‘ல்’ இரட்டிக்கவில்லை. இன்டுஸோடு லெகோ சேர்ந்திருந்தால் நமக்குக் கிடைக்கும் சொல்லில் ‘ல்ல்’ இருந்திருக்காது.

ரோமச் சொற்பொழிவாளர் சிசேரோ கி.மு. 45இல் கடவுளரின் இயல்பு பற்றி எழுதிய உரையாடலில் இந்தக் குடும்பத்தை ஒரே மூச்சில் வரிசைப்படுத்துகிறார். ரெலிகியோஸுஸ் (பக்தியுள்ளவன்) ரெலெகெரெயிலிருந்து, ஏலெகான்ஸ் (நயமறிந்தவன்) ஏலிகெரெயிலிருந்து, டீலிகேன்ஸ் (கவனமுள்ளவன்) டீலிகெரெயிலிருந்து, இன்டெல்லெகேன்ஸ் (புரிந்துகொள்பவன்) இன்டெல்லெகெரெயிலிருந்து. இவை எல்லாவற்றிலும் லெகெரெயின் ஆற்றல் ஒன்றே என்கிறார். மதத்தைக் குறிக்கும் சொல்லின் மூலத்தில் அவர் சொன்னது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. படித்த ரோமானியன் காதில் இன்டெல்லெகோ லெகோவாகவே ஒலித்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி தேவையில்லை.

ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். லெகோவின் இறந்தகாலம் லேகீ. கூட்டுகளில் கொல்லேகீ (திரட்டினேன்), ஏலேகீ (தேர்ந்தேன்) என்று அதே போக்கு. மூன்று கூட்டுகள் மட்டும் விலகி ‘க்ஸீ’ என்று முடிகின்றன: டீலேக்ஸீ (நேசித்தேன்), நெக்லேக்ஸீ (பொருட்படுத்தவில்லை), இன்டெல்லேக்ஸீ (புரிந்துகொண்டேன்). மூன்றும் மனத்தில் ஒன்றை வைப்பது, வைக்காமல் விடுவது பற்றியவை. அதனால் சில மொழிநூலார் இவற்றுக்கு வேறு வேர் காட்டுகிறார்கள். கிரேக்கத்தில் லெகோ (திரட்டு, சொல்) ஒரு பக்கமும் அலெகோ (கருத்தில் கொள்) இன்னொரு பக்கமும் இருப்பது போல, லத்தீனிலும் இரண்டு வேர்கள் ஒலியில் ஒன்றாகிக் கலந்தன என்பது அவர்கள் கருத்து. கனமான வாதம்தான். ஆனாலும் பொறுக்குதல் என்ற பொருளே இன்டெரோடு இயல்பாகப் பொருந்துகிறது. வெர்ஜிலின் கொடியும் சிசேரோவின் பட்டியலும் அந்தப் பக்கமே நிற்கின்றன. படிப்பவருக்கு இதில் உடனடிப் பயன் ஒன்று உண்டு: ‘இன்டெல்லேகீ’ என்று இறந்தகாலம் எழுதிவிடாதீர்கள்.

நான்காம் வடிவத்தில் நெடில் வருவதற்குத் தனிக் காரணம். வேரின் ஈற்றில் ‘க்’ போன்ற அதிர்வொலி இருந்து அதன்பின் ‘ட்’ வந்தால் முன்னுயிர் நீளும். அகோ – ஆக்டுஸ், டெகோ – டேக்டுஸ், லெகோ – லேக்டுஸ். அதிராத ‘க்’ உள்ள ஃபகியோவில் இது நடக்காது, ஃபக்டுஸ்தான். கார்ல் லாஹ்மன் 1850இல் லுக்ரீஷியஸுக்கு எழுதிய உரையில் இதைச் சொன்னதால் அவர் பெயரில் விதியாக வழங்குகிறது. விலக்குகளும் உண்டு.

‘லெ’யா, ‘லி’யா? பழைய லத்தீனில் சொல்லின் நடுவே வந்த குறில் எ பல இடங்களில் இ ஆக நலிந்தது. அதனால்தான் கொல்லிகோ, ஏலிகோ, டீலிகோ. அந்தக் கணக்கில் ‘இன்டெல்லிகோ’ எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் செவ்வியல் காலத்தில் நின்ற வடிவம் இன்டெல்லெகோ, நெக்லெகோவும் அப்படியே. பிற்காலத்திலும் இடைக்காலத்திலும் ‘லி’ பரவியது, திருச்சபை லத்தீன் அதை எடுத்துக்கொண்டது, ஐரோப்பிய மொழிகளுக்குப் போன ‘இன்டெலிஜென்ஸ்’ அந்த வழியில் வந்தது. சிசேரோவோ சீசரோ படிப்பவர் ‘லெ’ எழுதட்டும். 1592இன் கிளெமென்டீன் விவிலியப் பதிப்போ இடைக்காலத் தத்துவமோ படிப்பவர் ‘லி’ கண்டு குழம்ப வேண்டாம். இணையத்தில் பழைய நூல்களுக்குள் தேடும்போது இரண்டு எழுத்தையும் போட்டுத் தேடாவிட்டால் பாதி இடங்கள் கிடைக்காமல் போகும். திருச்சபை உச்சரிப்பில் எ, இ முன் வரும் இந்த ‘க’ ‘ஜ’ ஆகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்டெல்லிகோ, ஆனால் இன்டெல்லிஜிட்.

அழுத்தம் எங்கே விழும் என்பதற்கு ஈற்றயல் அசையைப் பார்த்தால் போதும். அது நெடிலாகவோ மெய்யில் முடிவதாகவோ இருந்தால் அழுத்தம் அங்கே, இல்லாவிட்டால் அதற்கு முந்திய அசையில். இன்-டெல்-லெ-கோவில் ‘லெ’ குறில், எனவே ‘டெல்’ ஓங்கும். இன்-டெல்-லெ-கெ-ரெயில் ‘கெ’ குறில், எனவே ‘லெ’. இன்-டெல்-லேக்-ஸீயில் ‘லேக்’. ஒரே வினைக்குள் அழுத்தம் இடம் மாறுகிறது.

இனித் திரிபு. இது மூன்றாம் வகை வினை. நிகழ்காலம்: இன்டெல்லெகோ, இன்டெல்லெகிஸ், இன்டெல்லெகிட், இன்டெல்லெகிமுஸ், இன்டெல்லெகிடிஸ், இன்டெல்லெகுன்ட். நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசை. எதிர்காலம்: இன்டெல்லெகம், இன்டெல்லெகேஸ், இன்டெல்லெகெட், இன்டெல்லெகேமுஸ், இன்டெல்லெகேடிஸ், இன்டெல்லெகென்ட். சப்ஜங்டிவ் (விருப்பம், நோக்கம், சார்புவாக்கியம் ஆகியவற்றுக்கான வினைநிலை): இன்டெல்லெகம், இன்டெல்லெகாஸ், இன்டெல்லெகட், இன்டெல்லெகாமுஸ், இன்டெல்லெகாடிஸ், இன்டெல்லெகன்ட். மூன்றையும் அடுத்தடுத்து உரக்கச் சொன்னால் உயிர் இ, ஏ, ஆ என்று மாறுவது காதில் நிற்கும்.

பிழைகள் பெரும்பாலும் இங்கேதான். முதல் வகை வினையான ‘அமோ’ (நேசிக்கிறேன்) படித்துவிட்டு வருபவர் அமாபோ என்ற எதிர்கால மாதிரியை இங்கே ஒட்டி ‘இன்டெல்லெகேபோ’ என்று எழுதுவார். மூன்றாம் வகைக்கு ‘போ’ கிடையாது. இன்டெல்லெகேஸைப் பார்த்து நிகழ்காலம் என்று எண்ணுவதும் வழக்கமான தவறு, ஏனென்றால் இரண்டாம் வகை வினைகளில் ‘ஏஸ்’ நிகழ்கால ஈறு. இன்டெல்லெகம் எதிர்காலமும் ஆகும், சப்ஜங்டிவும் ஆகும், இடம்தான் தீர்ப்பு. 11ஆம் நூற்றாண்டில் ஆன்செல்ம் எழுதிய ‘க்ரேடோ உட் இன்டெல்லெகம்’ என்ற தொடரில் ‘உட்’ நோக்கத்தைக் காட்டுகிறது. ஆகவே ‘புரிந்துகொள்ளும்பொருட்டு நம்புகிறேன்’. ‘புரிந்துகொள்வேன்’ என்று எதிர்காலமாக மொழிபெயர்த்தால் தவறு. அதற்கு மூலமான அகஸ்தீனின் சொற்றொடரில் ஏவலும் சப்ஜங்டிவும் மாறிமாறி வரும்: இன்டெல்லெகெ உட் க்ரேடாஸ், க்ரேடெ உட் இன்டெல்லெகாஸ். நம்பும்பொருட்டுப் புரிந்துகொள், புரிந்துகொள்ளும்பொருட்டு நம்பு. வியங்கோள் போன்ற பயன் மத்தேயு 24:15இல் இருக்கிறது: குவீ லெகிட், இன்டெல்லெகட். படிப்பவர் புரிந்துகொள்ளட்டும். தாய்வினையும் சேய்வினையும் மூன்றே சொல்லுக்குள்.

வாக்கியத்தில் வைக்கும்போது தமிழரைத் தடுக்கிவிடுவது மூன்று.

ஒன்று, யார் எழுவாய். ‘எனக்குப் புரிகிறது’ என்பது நம் இயல்பு. லத்தீனில் புரிந்துகொள்பவர்தான் எழுவாய், புரிவது இரண்டாம் வேற்றுமையில். எனவே ‘எனக்கு’ என்பதற்கு ‘மிஹி’ போட்டு இன்டெல்லெகிட் என்று எழுதக்கூடாது. இன்டெல்லெகோ என்றாலே போதும்.

இரண்டு, ‘என்று’. ‘நீ தவறுகிறாய் என்று உணர்கிறேன்’ என்பதற்கு லத்தீன் ‘டே எர்ராரெ இன்டெல்லெகோ’ என்னும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘உன்னைத் தவற உணர்கிறேன்’. உள்வாக்கியத்தின் எழுவாய் இரண்டாம் வேற்றுமைக்குப் போய்விடும், வினை ‘எர்ராரெ’ போன்ற இன்ஃபினிடிவ் (‘தவற’, ‘புரிந்துகொள்ள’ போன்ற எச்ச வடிவம்) ஆகிவிடும். தமிழில் ‘நீ தவறுவதை’ என்னும்போது ‘ஐ’ வினையோடு ஒட்டுகிறது, ‘நீ’ அப்படியே நிற்கிறது. அந்தப் பழக்கத்தில் ‘டூ எர்ராரெ’ என்று எழுதிவிடுவோம். சிசேரோ கி.மு. 63இல் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த காட்டிலீனுக்கு எதிராகப் பேசிய முதல் உரையில் இதன் நல்ல மாதிரி உண்டு: யாம் இன்டெல்லெகேஸ் முல்டோ மே விகிலாரெ ஆக்ரியுஸ் அட் ஸலூடெம் குவம் டே அட் பெர்னிகியெம் ரெயீ பூப்லிகாய். நாட்டைக் கெடுக்க நீ விழித்திருப்பதைவிட நாட்டைக் காக்க நான் எவ்வளவோ கூர்மையாக விழித்திருக்கிறேன் என்பதை இப்போது உணர்வாய். ‘மே’யும் ‘டே’யும் இரண்டாம் வேற்றுமை, ‘விகிலாரெ’ இரண்டுக்கும் பொது வினை, இன்டெல்லெகேஸ் எதிர்காலம். ‘என்று’ என்பதற்கு நேராகக் ‘குவோட்’ போட்டு முற்றுவினை எழுதுவது செவ்வியல் உரைநடையில் செல்லாது. பிற்கால லத்தீனில், குறிப்பாக விவிலியத்தில், ‘குவோட்’, ‘குவிய’ இரண்டும் அப்படி வரும். அவரவர் எந்தக் கால லத்தீன் எழுதுகிறார் என்பதைத் தீர்மானித்துக்கொண்டு ஒன்றில் நிற்பது நல்லது.

மூன்று, வினாச்சொல் உள்ள உள்வாக்கியம். ‘எவ்வளவு’, ‘யார்’, ‘ஏன்’ வந்தால் இன்ஃபினிடிவ் வராது, சப்ஜங்டிவ் வரும். சிசேரோவே மறுபடி உதவுகிறார்: நோன் இன்டெல்லெகுன்ட் ஹொமினேஸ் குவம் மக்னும் வெக்டீகல் ஸிட் பர்ஸிமோனிய. சிக்கனம் எவ்வளவு பெரிய வருவாய் என்பதை மனிதர் உணர்வதில்லை. ‘இருக்கிறது’ என்பதன் சாதாரண வடிவம் ‘எஸ்ட்’, இங்கே ‘ஸிட்’. தமிழில் இரண்டுக்கும் ‘என்பதை’ ஒன்றே போதும் என்பதால் இந்த வேறுபாடு கையில் வராமல் நழுவும். வினாச்சொல்லைக் கண்டதும் கை நிற்க வேண்டும்.

எதிலிருந்து புரிந்தது என்பதற்கு ‘எக்ஸ்’ சேர்ந்த நீக்கல் வேற்றுமை: எக்ஸ் லிட்டெரீஸ் டுயீஸ் இன்டெல்லேக்ஸீ, உன் கடிதத்திலிருந்து புரிந்துகொண்டேன். செயப்பாட்டுவினையான இன்டெல்லெகிடுர் வாதங்களில் ‘இதனால் விளங்குவது’ என்ற பொருளில் அடிக்கடி வரும். எளிதா கடினமா என்று சொல்ல ‘ஊ’ ஈற்று வடிவம்: ஃபகிலெ இன்டெல்லேக்டூ எஸ்ட், புரிந்துகொள்ள எளிது.

பேச்சில் இந்தச் சொல் எப்படிப் புழங்கியது என்பதை டெரன்ஸின் நாடகம் காட்டுகிறது. கி.மு. 166இல் மேடையேறிய ஆண்ட்ரியாவில் எஜமான் அடிமையை மிரட்டிவிட்டு, ‘ஹோக் இன்டெல்லேக்ஸ்டின்?’ என்று கேட்கிறான். முழு வடிவம் இன்டெல்லேக்ஸிஸ்டீனெ. நடுவிலிருந்த ‘இஸ்’ விழுந்து, கடைசி உயிரும் விழுந்து, வாயில் தேய்ந்த வடிவம். ‘புரிந்துகொண்டாயா’ என்று எழுதி ‘புரிஞ்சுதா?’ என்று நாம் சொல்வதைப் போன்றது. காலமும் நம்மைப் போலவே இறந்தகாலம். அதே நாடகத்தின் முன்னுரையில் தம் விமர்சகரைப் பார்த்து அவர் கேட்பது: ஃபகியுன்ட்னெ இன்டெல்லெகென்டோ உட் நீல் இன்டெல்லெகன்ட்? புரிந்து புரிந்தே ஒன்றும் புரியாதவர்கள் ஆகிவிடுகிறார்களோ? ‘இன்டெல்லெகென்டோ’ தொழிற்பெயரின் கருவிப்பொருள் வடிவம், ‘புரிந்துகொள்வதால்’.

சில நூற்றாண்டு தள்ளி, கி.பி. 524 வாக்கில் சிறையிலிருந்து எழுதிய போயீதியஸ் ஒரு கதை சொல்கிறார். தன்னைத் தத்துவவாதி என்று சொல்லிக்கொண்ட ஒருவன், வசவுகளை வாய்திறவாமல் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டு, ‘நான் தத்துவவாதி என்று இப்போதாவது புரிகிறதா?’ என்று கேட்டான். வந்த பதில்: இன்டெல்லேக்ஸெரம், ஸீ டகுயிஸ்ஸேஸ். நீ பேசாமல் இருந்திருந்தால் புரிந்துகொண்டிருப்பேன். இலக்கணப்படி நடக்காத நிபந்தனைக்கு இரண்டு பக்கமும் சப்ஜங்டிவ் வேண்டும்: இன்டெல்லேக்ஸிஸ்ஸெம். அவர் இன்டெல்லேக்ஸெரம் என்று நேர்வினையை வைத்தார், ‘கிட்டத்தட்டப் புரிந்தே விட்டிருந்தது’ என்ற தொனி அதில் ஏறுகிறது. பதிலின் கடி முழுவதும் அந்த ஓர் ஈற்றில் இருக்கிறது.

பெயர்ச்சொற்கள் இரண்டு. இன்டெல்லெகென்டிய, புரிந்துகொள்ளும் திறன். சிசேரோ விரும்பியது இது. ஈற்றில் குறில் அ இருந்தால் எழுவாய், நெடில் ஆ இருந்தால் ‘அறிவால்’. இன்டெல்லேக்டுஸ் அகஸ்டஸ் காலத்துக்குப் பிறகே பெருகியது. இடைக்காலத் தத்துவத்தில் கிரேக்க ‘நூஸ்’ (மனம், அறிவு) என்பதற்கு நேர்ச்சொல்லாக அமர்ந்தது. இது நான்காம் வகைப் பெயர், ஆறாம் வேற்றுமை இன்டெல்லேக்டூஸ். ‘புரிந்துகொள்ளப்பட்ட’ என்னும் எச்சமும் இன்டெல்லேக்டுஸ்தான், ஆனால் அதன் ஆறாம் வேற்றுமை இன்டெல்லேக்டீ. நெடிற்குறி இடாத அச்சில் ஒன்றை மற்றதாகப் படித்து வாக்கியமே கவிழ்வதுண்டு.

பக்கத்து வினைகளோடு கலக்காமல் இருக்க ஒரு காட்சி. ஸ்டோயிக் தத்துவத்தைத் தொடங்கிய ஜீனோ தம் கையாலேயே அறிவின் படிகளைக் காட்டுவார் என்று சிசேரோ எழுதுகிறார். விரித்த கை: கண்ணில் படும் தோற்றம். விரல்கள் சற்று மடங்கினால்: ஒப்புதல். மூடிய முட்டி: கொம்ப்ரெஹேன்ஸியோ, பற்றிக்கொள்ளுதல். இடக்கையால் அந்த முட்டியை இறுக்கிப் பிடித்தால்: ஸ்கியென்டிய, உறுதியான அறிவு. கொம்ப்ரெஹென்டோவின் உருவம் இறுகப் பிடிக்கும் கை, இன்டெல்லெகோவின் உருவம் பிரித்துப் பொறுக்கும் விரல். ஒன்று உண்மை என்று தெரிந்திருப்பதற்கு ஸ்கியோ. அது ஏன், எப்படி என்று விளங்குவதற்கு இன்டெல்லெகோ.

லத்தீனின் வழித்தோன்றல்களில் பெரும்பாலானவை அன்றாடப் பேச்சில் இந்த வினையைக் கைவிட்டன. பிரெஞ்சின் ‘கொம்ப்ராந்த்ர்’ பற்றிப்பிடிப்பதிலிருந்தும், ஸ்பானியத்தின் ‘என்டென்டேர்’ மனத்தை ஒன்றின் பக்கம் நீட்டுவதிலிருந்தும், இத்தாலியத்தின் ‘காப்பீரே’ எடுத்துக்கொள்வதிலிருந்தும் வந்தவை. அங்கே இருக்கும் ‘இன்டெலிஜென்ஸ்’ வகைச் சொற்கள் படித்தவர்கள் நூல்களிலிருந்து திரும்ப எடுத்தவை. வாய்வழியாக அறுபடாமல் வந்தது ஓரங்களில்: சுவிட்சர்லாந்து மலைப்பகுதியின் ரொமான்ஷிலும், கிழக்கே ருமேனியத்திலும். ருமேனியர் இன்றும் ‘இன்ட்ஸெலெஜெ’ என்றுதான் புரிதலைச் சொல்கிறார்கள், இன்டெல்லேக்டுஸிலிருந்து வந்த ‘இன்ட்ஸெலெப்ட்’ அவர்களிடம் ஞானியைக் குறிக்கிறது.